விற்பதாகச் சொன்ன வீடு

சேரப்பணஞ்சேரி
6 ஜனவரி 2025

பிரவீனா,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பதினெட்டு நாள். எழிலரசியின் போனிலிருந்து கூப்பிடலாம்தான். அண்ணி என்று நினைத்து எடுப்பாய், என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால் தபால். இங்கிலாந்துக்குக் கடிதம் போட எவ்வளவு ஆகும் என்று நேற்று படப்பை தபால் ஆபீசில் விசாரித்தேன். கவுண்டரில் இருந்த பெண், "ஏன் சார், வாட்ஸாப் இல்லியா?" என்றாள். இருக்கிறது, தங்கச்சிதான் இல்லை என்று வாய் வரை வந்தது.

அன்றைக்கு நீ கேட்டது ஒரே கேள்வி. அம்மா வீட்டை உன்னைக் கேட்காமல் எப்படி விலை பேசினேன்? நான் பதில் சொல்வதற்குள் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிட்டோம். இப்போது சொல்கிறேன்.

இசக்கிபாண்டி ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப் வேலை. எனக்கு அவனைப் பிடிக்காது. அது உனக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு என் கேட்டுக்குக் குறுக்கே வண்டியை விடுவான். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவான், தொட்டி வழிந்து என் வாசலெல்லாம் சேறு. டிசம்பர் முதல் வாரம் அந்தச் சண்டைதான் நடந்தது. நான் ஆத்திரத்தில், "இன்னாடா, உன் வூடு மாதிரி பேசிக்கினு கீற?" என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "வெலயச் சொல்லுங்க அண்ணாச்சி, என் வீடாவே ஆக்கிக்கிடுதேன்" என்றான். அவனால் முடியவே முடியாது என்று நினைத்து முப்பத்தெட்டு லட்சம் என்றேன். "சரி" என்று உள்ளே போய்விட்டான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்சிலிருந்து இறங்கி வருகிறேன். என் வீட்டுக் கூடத்தில் அவனும் அவன் மனைவி பேச்சியம்மாளும் புதுத் துணியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், நூற்றியொரு ரூபாய். அந்த அம்மா எழுந்து தட்டை நீட்டினாள். நான் வாங்கிவிட்டேன்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டால் தெரியவில்லை. நீட்டினார்கள், வாங்கினேன்.

பத்து நாள் கழித்து படப்பை கண்ணப்பன் வந்து அறுபத்திரண்டு லட்சம் தருகிறேன் என்றார். வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுவாராம். காண்ட்ராக்ட் வேலைக்கு வரும் பையன்களுக்குக் கட்டில் கட்டிலாக வாடகை. நான் யோசிக்கிறேன் என்றேன். அவர் அதற்குள் உனக்கே மெசேஜ் அனுப்பிவிட்டார். மிச்சம்தான் உனக்குத் தெரியுமே.

கோபம் இருந்தால் எழுதித் திட்டு.

இனியவன்


வின்ஹேவன்
19 ஜனவரி 2025

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. போனை இப்போதைக்குத் திறப்பதாக இல்லை. எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த வீட்டில் பாதி என் பெயரில் இருக்கிறது. அம்மா எழுதி வைத்தது. ஒரு மோட்டார் சண்டையில் என் பாதிக்கும் சேர்த்து நீ விலை சொல்லிவிட்டாய். விலை கம்மி என்பதுகூட அப்புறம்தான். கேட்கவில்லையே என்பதுதான் முதலில்.

எனக்கு இப்போது பணம் ஏன் வேண்டும் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மே மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கோடைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறாராம். இந்த ஊரில் இப்போது எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இது துறைமுக ஊர். ஹாலந்துக்குக் கப்பல் போகும், லாரிகள் வரிசையாக நிற்கும், மீன் வாடை, கடற்பறவைகளின் கத்தல். பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே யாரும் சும்மா கொடுத்தாலும் வீடு வாங்க மாட்டார்களாம். பிறகு லண்டன்காரர்கள் கண்ணில் பட்டது. கயிறும் தார்ப்பாயும் விற்ற கடை இப்போது காபிக் கடை. ஊர்க்காரர்கள் அவர்களை "லண்டனிலிருந்து இறங்கி வந்தவர்கள்" என்கிறார்கள். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. இப்போது ஜனவரியில், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, ஒன்பது வீட்டில்தான் விளக்கு.

டெரெக் என்று ஒருவர். முப்பது வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். மனைவி இறந்துவிட்டார், மகளோடு போய் இருக்கப் போகிறார், வீட்டை விற்கிறார். நானும் உன் மாப்பிள்ளை ஹேமந்தும் பார்க்கப் போனோம். அவர் எங்கள் வேலையைக் கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்கவில்லை. "பன்னிரண்டு மாதமும் இங்கேயே இருப்பீர்களா?" என்று கேட்டார். இருப்போம் என்றேன். கை கொடுத்தார். அவ்வளவுதான். உன் தட்டு மாதிரிதான், ஆனால் நான் ஹேமந்தைக் கேட்டுவிட்டுக் கை நீட்டினேன்.

வங்கிக் கடன் கிடைத்துவிடும். அதற்கு முன் கையிலிருந்து பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். நம் பணத்தில் இருபத்திரண்டு லட்சம். மார்ச் கடைசி வரை டெரெக் காத்திருப்பார். கண்ணப்பன் பணம் மார்ச்சுக்குள் வரும், என் பங்கு போதும். இசக்கிபாண்டியின் லோன் ஜூனுக்கு முன் வராது என்று நீயே கத்தும்போது சொன்னாய். வந்தாலும் என் பாதி பத்தொன்பதுதான், போதாது.

உண்மையைச் சொல். உன் பக்கத்தில் நாற்பது பையன்கள் தங்கும் கட்டடம் வரக்கூடாது. கண்ணப்பனுக்குக் கொடுக்க நீ தயங்குவதற்கு அதுதானே காரணம்?

பிரவீனா


சேரப்பணஞ்சேரி
2 பிப்ரவரி 2025

பிரவீனா,

ஆமாம், அதுவும் ஒரு காரணம். எதிர் வரிசையில் ஏற்கெனவே ஒன்று வந்துவிட்டது. ஒடிசா, பீகார்ப் பையன்கள். ஒரு ஷிப்ட் கிளம்பும்போது இன்னொரு ஷிப்ட் வந்து அதே கட்டிலில் படுக்கிறது. மாடிக் கம்பியில் எந்நேரமும் நீலச் சட்டை காய்கிறது. பையன்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனியில் என் லைனிலேயே பாதிப் பேர் அவர்கள்தான், சொன்ன வேலையைச் செய்கிறார்கள். ஆனால் எழிலரசி மொட்டை மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். நம் தெருவில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் இப்போது நான்கு குடும்பம்.

அது மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. வேறு என்ன என்றால், தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

போன ஞாயிறு கண்ணப்பன் மறுபடி வந்தார். "இன்னா சார் யோசனை? குடித்தனக்காரனுக்குப் போயி வாக்கு அது இதுன்னுகினு. பேப்பர்ல இன்னா எழுதிக் குடுத்தீங்க? ஒண்ணும் கெடையாது. தங்கச்சி கேக்குது, உங்களுக்கும் லாபம். யாருக்கு நஷ்டம், சொல்லுங்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் கார் கிளம்பின பிறகு வெளியே வந்தால், இசக்கிபாண்டி ஏணி போட்டு அம்மா வீட்டு முன்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். சொந்தக் காசு. கம்பெனியில் கார் கதவுக்கு அடிக்கிறவன், சுவருக்கும் அப்படியே அடிக்கிறான், ஒரு கோடு விழவில்லை. "கலர் நல்லாருக்கா அண்ணாச்சி?" என்றான். கண்ணப்பன் காரை அவன் பார்த்திருப்பான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

உன்னைக் கேட்காமல் பேசியது தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன், எழுத்திலேயே. இப்போது கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

இனியவன்


வின்ஹேவன்
14 பிப்ரவரி 2025

அண்ணா,

இதை முதலிலேயே கேட்டிருந்தால் எனக்குப் பதில் சுலபமாக இருந்திருக்கும். இப்போது இல்லை.

லண்டனிலிருந்து ஒரு தம்பதி டெரெக் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்களைவிட இருபதாயிரம் பவுண்டு அதிகம் தருகிறார்களாம், உடனே. விற்பனைப் பலகையில் "பேசி முடிந்தது" என்று ஒட்டியிருந்தும் கேட்கிறார்கள். இங்கே அது சட்டப்படி தப்பில்லையாம். கையெழுத்துப் போடும் வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. டெரெக் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் மகள் லின் இரண்டு நாளாக அப்பாவோடு பேசுவதில்லை என்று எங்கள் பக்கத்து வீட்டு பாம் சொன்னாள்.

இந்த பாம் நேற்று ஒரு மனுவோடு வந்தாள். வெளியிலிருந்து வருகிறவர்கள் வீடு வாங்குவதைக் கட்டுப்படுத்த வேண்டும், ஊர்க்காரர்களுக்கே முதல் உரிமை வேண்டும் என்று நகரசபைக்கு. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுத்தான் யோசித்தேன். நான் வந்து ஆறு வருஷம். அவளுக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். "உன்னைச் சொல்லவில்லை, அன்பே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவள் மகன் முப்பத்தொரு வயதில் இன்னும் அவளோடுதான் இருக்கிறான், இங்கே ஒரு அறைகூட அவனால் வாங்க முடியவில்லை. டெரெக் வீடு அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று ஊரில் சிலர் சொல்கிறார்களாம். அதையும் அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் இதையே நினைக்கிறேன். டெரெக் எனக்குக் கொடுத்த வார்த்தை நிற்க வேண்டுமானால், நீ இசக்கிபாண்டிக்குக் கொடுத்த வார்த்தை உடைய வேண்டும். இது என்ன கணக்கு அண்ணா? ஹேமந்திடம் சொன்னால், "நம்ம பங்கை நாம கேக்குறோம், இதுல இன்னா பாவம்?" என்கிறான். அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு உன் மருமகளை எந்த வீட்டிலிருந்து பள்ளிக்கு அனுப்புவேன் என்பதும் சரியான கேள்விதான்.

உடைக்கச் சொல்லி எழுத வருகிறது, எழுத முடியவில்லை. உடைக்காதே என்றும் எழுத முடியவில்லை. நீயே முடிவு செய். இப்படிச் சொல்வது கோழைத்தனம். எனக்கே தெரிகிறது.

பிரவீனா


சேரப்பணஞ்சேரி
26 பிப்ரவரி 2025

பிரவீனா,

முடிவு செய்துவிட்டேன். இத்துடன் பவர் பத்திரத்தின் வரைவு இருக்கிறது. லண்டனில் நம் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது வந்த அன்றே கண்ணப்பன் பணம் தருவார். மார்ச் முடிவதற்குள் உன் கைக்கு வந்துவிடும்.

நீ எழுதியதில் மற்றதெல்லாம் எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. மருமகள் பள்ளிக்கூடம் என்ற வரி மட்டும் குழப்பமாக இல்லை.

இசக்கிபாண்டியிடம் நானே போய்ச் சொன்னேன். ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போகாமல். அவன் வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னதும் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. "வெலயா அண்ணாச்சி? கூட வேணும்னா எங்கிட்ட கேட்டுருக்கலாம்லா" என்றான். கேட்டிருந்தால் உன்னால் முடியுமா என்றேன். "முடியாது. ஆனா கேட்டுருக்கலாம்" என்றான்.

பேச்சியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "தட்ட எங்க வச்சிருக்கீய? அது எங்க அம்ம குடுத்தது. திருப்பித் தந்துருங்க" என்றாள். எழிலரசி அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து என்னிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் காலி செய்கிறானாம். ஒரு மாதம் இரு என்றேன். "வேண்டாம்" என்றான். வாடகை அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தேன், எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நல்ல வீடாகப் பார்த்து வாங்கு.

இனியவன்


வின்ஹேவன்
27 பிப்ரவரி 2025

அண்ணா,

இது உன் கைக்கு வருவதற்குள் நீ ஒன்றும் செய்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். உனக்கு எதற்கும் நாளாகும்.

இசக்கிபாண்டிக்கே கொடு. முப்பத்தெட்டுக்கே கொடு.

நேற்று டெரெக் வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன், சமையலறையில் நம் கிரைண்டர் வைக்க இடம் இருக்கிறதா என்று. உள்ளே லின் இருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. "அப்பா, வாயால் சொன்னதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. எங்கே எழுதிக் கொடுத்தாய்?" என்று கத்தினாள். எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் வந்தது. ஒரு கிழவரைப் பிடித்து இப்படியா என்று. அப்புறம் கையில் டேப்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். டிசம்பரில் போனில் உன்னிடம் நான் சொன்ன வாக்கியம் அது. ஒரு சொல் மாறவில்லை.

அவள் போனதும் டெரெக்கிடம் சொல்லிவிட்டேன். பணம் மார்ச்சுக்குள் வராது, நீங்கள் லண்டன்காரர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று. நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "அப்படியானால் நான் யாருக்காக என் மகளோடு சண்டை போட்டேன்?" என்று கேட்டார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்று புரியவில்லை. ஹேமந்த் சாப்பிடாமல் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டான். எங்களுக்கு வேறு வீடு எப்படியாவது கிடைக்கும். நீ மட்டும் அவசரப்படாதே.

பிரவீனா


வின்ஹேவன்
17 மார்ச் 2025

அண்ணா,

போன வாரம் போனில் நாம் பேசியதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. உன் கடிதம் எனக்கும் என் கடிதம் உனக்கும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததில் யாரைத் திட்டுவது? நீ "ஐயோ பாப்பா" என்றாய், நான் அழுதேன், நடுவில் உன் வீட்டில் கரண்ட் போனது. அதனால் மறுபடி எழுதுகிறேன்.

டெரெக் வீடு போய்விட்டது. லண்டன்காரர்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அது முடிந்த கதை.

நம் வீட்டுக் கதை முடியவில்லை. பவர் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். கண்ணப்பனிடம் தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல். கெட்ட பெயர் எனக்கே வரட்டும், அவர் என்னை எங்கே பார்க்கப் போகிறார்?

இசக்கிபாண்டி எங்கே குடிபோனான் என்று கண்டுபிடி. போனில் கூப்பிடாதே. நேரில் போ, அண்ணியையும் கூட்டிக்கொண்டு போ.

பிரவீனா


சேரப்பணஞ்சேரி
7 ஏப்ரல் 2025

பிரவீனா,

கண்டுபிடித்தேன். வல்லக்கோட்டையில், கோயிலுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் போட்ட வீடு. உள்ளே உட்கார முடியாத வெக்கை. பிள்ளை அங்கிருந்து இரண்டு பஸ் மாறி அதே பள்ளிக்கு வருகிறது.

பேச்சியம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இசக்கிபாண்டி வேலையிலிருந்து வரும் வரை ஒரு மணி நேரம் வாசலில் நின்றோம். வந்ததும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வீடு உனக்குத்தான், அதே விலைதான், தப்பு என்னுடையது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதில் பாதி மறந்துவிட்டது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டான். "நாளைக்கு எழுபது தாரேன்னு ஒருத்தன் வந்தா?"

நான் என்ன சொல்வது? மாட்டேன் என்று சொல்லலாம். முதலிலும் தட்டை வாங்கி வாக்குத்தான் கொடுத்தேன். எழிலரசிதான், "வந்தா நான் துடப்பத்தால அடிச்சுத் துரத்துறேன் தம்பி" என்றாள். அவன் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து பேச்சியம்மாள் சிரித்த மாதிரி இருந்தது.

கடைசியில் அவன் சொன்னது இது. "உங்க பேச்சு வேண்டாம் அண்ணாச்சி, கோவிச்சுக்காதீய. உங்க தங்கச்சி பாதிக்காரில்லா, அவங்க கைப்பட ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. அப்பொறம் பாப்போம்."

அவமானமாக இருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. ஒரு வரி எழுதி அனுப்பு.

இனியவன்


வின்ஹேவன்
19 ஏப்ரல் 2025

அண்ணா,

லண்டனுக்குப் போய் கையெழுத்துப் போட்ட பவர் இத்துடன் இருக்கிறது. வாங்குபவர் இசக்கிபாண்டி என்று பெயரும் விலையும் எழுதச் சொன்னேன். அவருக்குத் தனியாக ஒரு கவர். பிரிக்காமல் கொடு. ஒரு வரி கேட்டார், ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது.

நாங்கள் மீன் வறுவல் கடைக்கு மேலே இரண்டு அறை பார்த்திருக்கிறோம். பாம்தான் விசாரித்துச் சொன்னாள். துணியெல்லாம் எண்ணெய் வாடை அடிக்கும் என்று ஹேமந்த் முகத்தைச் சுளிக்கிறான், ஆனால் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டான். ஜூனில் பணம் வந்தால் இந்த ஊரிலேயே தேடுவதா, வேறு ஊருக்குப் போவதா, எதுவும் நிச்சயமில்லை. நேற்று டெரெக்கைக் கப்பல் துறையில் பார்த்தேன். தலையசைத்தார். நின்று பேசவில்லை.

பிரவீனா


சேரப்பணஞ்சேரி
20 ஜூலை 2025

பிரவீனா,

வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு முடிந்தது. உன் பங்கு வங்கியில் போட்டாகிவிட்டது, அங்கே வந்து சேர ஒரு வாரம் ஆகுமாம். நீ எழுதியதை இசக்கிபாண்டி என்னிடம் காட்டவில்லை. அதைப் படித்த மறுநாள் வண்டி பிடித்துச் சாமான் ஏற்றினான் என்பது மட்டும் தெரியும்.

பதிவு முடிந்த அன்று அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்துப் போட்டான், கட்டைவிரலை மையில் வைத்தான், பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நானும் எழிலரசியும் படப்பையில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம். இனி காலத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரன் பேச மாட்டான், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை கேட்டருகே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவன் தன் வாசலைப் பெருக்கிவிட்டு, துடைப்பத்தோடு மெதுவாக என் பக்கம் வந்தான். எதிர் மாடியைப் பார்த்தான். பீகார்ப் பையன் ஒருவன் சட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தான். கீழே இரண்டு பேர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கிபாண்டி தலையை ஆட்டிக்கொண்டு, "பாத்தீயளா அண்ணாச்சி? வெளியூர்க்காரனுவ வந்து வந்து நம்ம ஊரு எப்படி ஆயிப்போச்சு" என்றான்.

நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டின பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. மனசார வருத்தப்பட்டுச் சொல்கிறான். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை, கொஞ்சம் முறைத்தான். பிறகு அவனும் சிரித்தான்.

உனக்குப் புரியும் என்று எழுதுகிறேன்.

இனியவன்